வீடியோ மேல் ஓடும் எட்டு எண்கள்: டைம்கோடு ஓர் அறிமுகம்

தை பிறந்துவிட்டால் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, ஊசூர், கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் இருந்து மாடு விடும் விழா வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். தெற்கே நடக்கும் ஜல்லிக்கட்டு மாதிரி இங்கே யாரும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. அவிழ்த்துவிட்ட காளை, இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய தெருவில், குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. 2017-இல் வந்த தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்திலும் எருது விடும் விழா என்று இதன் பெயர் தனியாகவே இருக்கிறது. முதல் பரிசுக்கும் அடுத்த பரிசுக்கும் நடுவே சில சமயம் அரை நொடிகூட இருக்காது. அதனால் விழா முடிந்த பிறகும் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் ஓர் இடத்தில் நிறுத்தி "இதோ, கோட்டைத் தாண்டிடுச்சு" என்பார். இன்னொருவர் தன் போனில் வேறோர் இடத்தில் நிறுத்தி "இன்னும் தாண்டலையே மாமா" என்பார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கணத்தைத்தானா என்று சொல்ல திரையில் எந்த அடையாளமும் இருக்காது.

அந்த அடையாளத்தைத்தான் டைம்கோடு தருகிறது. எடிட்டிங் அறையில் சுருக்கமாக டிசி என்பார்கள். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று இரண்டிரண்டு இலக்கமாக எட்டு எண்கள். 00:03:12:08 என்று திரையில் தெரிந்தால், மூன்றாவது நிமிடம் முடிந்து பன்னிரண்டு நொடியும் எட்டு ஃபிரேமும் ஆன இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்கள்தானே, அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண். ஒரு ஃபிரேமின் எண் இன்னொன்றுக்கு வராது.

1960களின் பிற்பகுதியில் டெலிவிஷன் நிலையங்கள் வீடியோ டேப்பில் எடிட்டிங் செய்யத் திணறிக்கொண்டிருந்த காலத்தில் இந்த முறை உருவானது. சினிமா ஃபிலிமைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும், எங்கே வெட்டுவது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். காந்த டேப்பில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமோடும் ஓர் எண்ணைப் பதிந்தார்கள். பிறகு எஸ்எம்பிடிஇ என்கிற அமெரிக்கத் தொழில்நுட்பச் சங்கம் அதைத் தரப்படுத்தியது. டேப் போய்விட்டது, எண் முறை அப்படியே இருக்கிறது.

இந்த எண் இரண்டு விதமாக வீடியோவில் இருக்கலாம். ஒன்று, கோப்புக்குள் மறைந்திருக்கும். எடிட்டிங் மென்பொருள் அதைப் படிக்கும், சாதாரணமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, படத்தின் மேலேயே எழுதப்பட்டுவிடும். இதை டைம்கோடு பர்ன் என்பார்கள். ஒருமுறை எழுதிவிட்டால் படத்தோடு படமாகிவிடும், அப்புறம் அழிக்க முடியாது. போனில் பார்த்தாலும், டிவியில் பார்த்தாலும், யாருக்கு அனுப்பினாலும் தெரியும். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

கடைசி இரண்டு இலக்கம்

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு காளை 00:03:12:08-இல் கிளம்புகிறது, 00:03:22:21-இல் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த காளை 00:07:40:26-இல் கிளம்பி 00:07:51:04-இல் தாண்டுகிறது. எது வேகமான காளை?

கடைசி இரண்டு இலக்கத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு என்று நினைத்துக் கழித்தால், முதல் காளைக்கு 22.21-இல் இருந்து 12.08 போக 10.13 நொடி. இரண்டாவதற்கு 51.04-இல் இருந்து 40.26 போக 10.78 நொடி. முதல் காளை தெளிவாக ஜெயித்துவிட்டது போலத் தெரியும்.

ஆனால் கடைசி இரண்டு இலக்கம் நூறு வரை போவதே இல்லை. அது ஃபிரேம் எண்ணிக்கை. போனில் நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்திருந்தால் 00 முதல் 29 வரை போய் மறுபடி 00-க்கு வந்துவிடும். சரியாகக் கணக்குப் போட்டால், முதல் காளைக்கு 10 நொடி 13 ஃபிரேம். 13-ஐ 30-ஆல் வகுத்தால் 0.43. ஆக 10.43 நொடி. இரண்டாவது காளைக்கு 4 ஃபிரேமில் இருந்து 26 ஃபிரேமைக் கழிக்க முடியாது. எனவே 51 நொடியில் ஒரு நொடியைக் கடன் வாங்கி, அதை 30 ஃபிரேமாக மாற்ற வேண்டும். 50 நொடி 34 ஃபிரேமில் இருந்து 40 நொடி 26 ஃபிரேம் போனால் 10 நொடி 8 ஃபிரேம், அதாவது 10.27 நொடி. ஜெயித்தது இரண்டாவது காளை. கடன் வாங்கும்போது நூறு என்று வாங்கினால் பரிசே மாறிப்போகும்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.033 நொடி. நொடிக்குப் பத்து மீட்டர் ஓடும் காளை அந்த இடைவெளிக்குள் 33 சென்டிமீட்டர் போய்விடும். அதன் மூக்கு கோட்டைத் தொட்ட கணம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் விழலாம், கிளம்பிய கணமும் அப்படித்தான். இரண்டு காளைக்கும் ஒரே ஒரு ஃபிரேம்தான் வித்தியாசம் என்றால் அந்த வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்தால் இந்தச் சந்தேகம் பாதியாகக் குறையும். விழாக் குழுவின் கணக்குத்தான் முடிவான கணக்கு, வீடியோவை ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒத்துப் பார்ப்பதையே தவறாகச் செய்துவிட்டு ஊர்ச் சண்டை இழுக்க வேண்டாம்.

ஸ்லோமோஷனில் எடுத்த வீடியோவில் இன்னும் கவனம் தேவை. நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்து, அதை 30-ஆக ஓட்டும்படி சேமித்திருந்தால் ஒரு நொடி எட்டு நொடியாக நீண்டிருக்கும். அதன் மேல் டைம்கோடு போட்டால் அதுவும் எட்டு மடங்கைத்தான் காட்டும்.

ஃபிரேம் ரேட்டைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

டைம்கோடு போடும் மென்பொருள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலைதான்: ஃபிரேம்களை எண்ணுகிறது, நாம் சொன்ன ரேட்டால், அதாவது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற எண்ணால், வகுத்து மணி, நிமிடம், நொடியாகக் காட்டுகிறது. நாம் தவறான ரேட்டைச் சொன்னால் அது கூசாமல் தவறாகவே காட்டும். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள ஒரு மணி நேர வீடியோவில் 1,08,000 ஃபிரேம் இருக்கும். அதற்கு 25 என்று சொல்லிவிட்டால் கடைசியில் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்று நிற்கும்.

இந்தியாவில் டெலிவிஷனுக்கு 25 ஃபிரேம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் பாதி 25. ஐரோப்பாவிலும் அதே வழக்கம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 30-இல் தொடங்கினார்கள். 1953-இல் கலர் டெலிவிஷனுக்குத் தரம் வகுத்தபோது, கலர் சிக்னலும் ஒலியும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதுதான் 29.97 என்கிற அரைகுறை எண். சினிமாவுக்கு 24. நம் கைபேசிகள் பெரும்பாலும் 30-இல் எடுக்கும், கேமராக்களில் 25, 29.97, 50, 59.94 என்று எது வேண்டுமானாலும் வைக்கப்பட்டிருக்கலாம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இரண்டு கேமராவை இரண்டு ரேட்டில் வைத்துவிட்டு எடிட்டிங்கில் வந்து விழிப்பதும் உண்டு.

29.97-ஐ 30 என்று எண்ணினால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் உண்மையில் ஓடியிருக்கும்போது திரையில் 00:59:56:12 என்றுதான் காட்டும். மணிக்கு 3.6 நொடி பின்தங்கும். ஐந்து நிமிட வீடியோவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு மணிக்கு முடியும் கூத்துக்கு 28.8 நொடி, கிட்டத்தட்ட அரை நிமிடம். இதைச் சரிக்கட்ட டிராப் ஃபிரேம் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் படங்களைத் தூக்கி எறிவதுபோல் இருக்கும். படம் ஒன்றுகூடப் போகாது. எண்களில் மட்டும் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டையும் தாண்டி 02-க்குப் போய்விடுவார்கள். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்று பத்துப் பத்தாக வரும் நிமிடங்களில் தாண்டுவதில்லை. மணிக்கு 54 நிமிடம், நிமிடத்துக்கு 2, மொத்தம் 108 எண். அது சரியாக அந்த 3.6 நொடி. இந்த முறையில் ஓடும் டைம்கோட்டில் ஃபிரேமுக்கு முன்னால் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போடுவது வழக்கம். 25-இல் எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது. நம்மூரில் நாமே எடுத்து நாமே பார்க்கப் போகிற நீண்ட நிகழ்ச்சிகளுக்கு, கேமராவில் 25 இருந்தால் அதையே வைக்கச் சொல்வேன்.

கைபேசி வீடியோவில் இன்னொரு பிரச்சினை. பல போன்கள் ஒரே சீராக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும், மறுபடி கூட்டிக்கொள்ளும். இதை வேரியபிள் ஃபிரேம் ரேட் என்பார்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியில் வேரியபிள் என்றே எழுதியிருக்கும். இப்படிப்பட்ட வீடியோவில் ஃபிரேமை எண்ணி நேரம் சொன்னால் போகப் போக நேரம் விலகிக்கொண்டே போகும். இதற்கு இரண்டு வழி. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து முதலில் சீராக்கிக்கொள்வது ஒன்று. ஃபிரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் காட்டப்பட வேண்டும் என்று கோப்பிலேயே உள்ள நேரக் குறிப்பைத் திரையில் எழுதுவது இன்னொன்று. காளையின் ஓட்டத்துக்கு இரண்டாவது வழிதான் நேர்மையானது. சீராக்கும்போது மென்பொருள் சில ஃபிரேம்களை இரட்டிப்பாக்கும், சிலவற்றை விட்டுவிடும், அப்போது கோட்டைத் தொட்ட அந்தப் படமே காணாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை வைத்து இதையெல்லாம் செய்ய வேண்டாம். அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடும். எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவில் வாங்குங்கள்.

இரண்டு போனில் எடுத்திருந்தால்

ஒரே போனில் கிளம்பும் இடமும் முடியும் இடமும் தெரிவது அரிது. தெரு நீளம், நடுவில் கூட்டம். அதனால் ஒருவர் இந்த முனையிலும் இன்னொருவர் அந்த முனையிலும் நிற்பார்கள். இரண்டு வீடியோவுக்கும் டைம்கோடு ஒத்துப்போக வேண்டும் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒரு கணம் தேவை. அதற்கு எளிய வழி, விழா தொடங்கும் முன் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரெக்கார்டிங்கைத் தொடங்கி, முன்னால் நின்று ஒருமுறை கை தட்டுவது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ரெக்கார்டிங்கை நிறுத்தவே கூடாது. இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த அந்த ஃபிரேமை இரண்டு வீடியோவிலும் 00:00:00:00 என்று வைத்துவிட்டால் அங்கிருந்து இரண்டும் சேர்ந்தே ஓடும்.

வெடிச் சத்தத்தை வைத்து ஒத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் போனில் அந்தச் சத்தம் 0.3 நொடி தாமதமாகத்தான் பதிவாகும். 30 ஃபிரேம் வீடியோவில் அது ஒன்பது ஃபிரேம். மேலே பார்த்த இரண்டு காளைகளுக்கும் நடுவே இருந்ததே ஐந்து ஃபிரேம்தான்.

விடிய விடிய ஓடும் கூத்துக்கு

எனக்கு டைம்கோட்டின் அருமை புரிவது காளை ஓட்டத்தைவிடக் கூத்து வீடியோவில்தான். வட ஆற்காடு தெருக்கூத்தின் தாய்மண். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, தபசு மரம் ஏறி, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் முடியும் விழாக்கள் இன்றும் நடக்கின்றன. அவற்றை இப்போது பலர் முழுசாகப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வது பாதி வேலைதான். எட்டு மணி நேர வீடியோவில் கட்டியக்காரன் எப்போது வந்தான், திரைக்குப் பின்னால் இருந்து விருத்தம் எங்கே தொடங்கியது, முகவீணை எந்தப் பாட்டில் தனியாக எழுகிறது என்று குறித்து வைக்காவிட்டால் அந்தக் கோப்பு ஹார்டு டிஸ்கில் கிடந்து தூங்கும். பாட்டுகளைக் காதால் கேட்டு எழுதி எடுக்கும் ஆளுக்கும், எழுதியதைச் சரிபார்க்கும் வாத்தியாருக்கும் ஒரே கோப்பில் ஒரே எண் தெரிய வேண்டும். "தம்பி, ரெண்டு மணி பதினாலாவது நிமிசத்துல ஓர் அடி வுட்டுப் பூட்ச்சு, இன்னொரு வாட்டி கேளு" என்று அவர் போனில் சொன்னால், இவர் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். கம்ப்யூட்டரே தொடாத பெரியவர்கூட டிவி திரையைப் பார்த்து எண்ணை வாசித்துவிடுவார். அந்த வாத்தியார்களுக்குப் பிறகு அந்தப் பாட்டுகளைத் திருத்திச் சொல்ல ஆளில்லை என்பதால் இந்தச் சின்ன வசதியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படி நீளமான பதிவுகளில் வரும் சிக்கல் கோப்பு உடைவது. பல கேமராக்கள் நாலு ஜிபி ஆனதும் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். நடுவில் பேட்டரி மாற்றுவார்கள். ஒவ்வொரு கோப்பும் 00:00:00:00 என்று தொடங்கினால் பத்து கோப்பில் பத்து பதினாலாவது நிமிடம் இருக்கும். டேப் காலத்து எடிட்டர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: முதல் டேப் 01:00:00:00-இல் தொடங்கும், இரண்டாவது 02:00:00:00-இல். மணி இலக்கத்தைப் பார்த்தாலே எந்த டேப் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கோப்பும் ஒரு மணிக்குக் குறைவு என்றால் இதை இன்றும் அப்படியே செய்யலாம். மிக நல்ல யோசனை என்பேன்.

சிலர் கடிகார நேரத்தையே டைம்கோடாக வைப்பார்கள். இரவு 10:14-க்குத் தொடங்கிய கோப்புக்கு 22:14:00:00 என்று தொடக்க எண் கொடுப்பது. பேட்டரி மாற்றிய இடைவெளி எவ்வளவு என்றுகூட அதில் தெரியும். ஆனால் டைம்கோடு 24 மணியில் முடிந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும். நள்ளிரவைத் தாண்டியதும் 23:59:59:24-க்குப் பிறகு 00:00:00:00. குறிப்புகளை வரிசைப்படுத்தினால் விடியற்காலைக் காட்சிகள் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். கூத்துக்கு இது ஒத்துவராது, எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

எதில் போடுவது

இலவசமாகவே போதுமான மென்பொருள்கள் இருக்கின்றன. புதியவர்களுக்கு ஷாட்கட். வீடியோவைத் திறந்து டைம்லைனில் போட்டு, ஃபில்டர் பகுதியில் டெக்ஸ்ட் சிம்பிள் என்பதைச் சேர்த்தால், அதிலேயே டைம்கோடு என்ற தேர்வு இருக்கும். எழுத்தின் அளவு, நிறம், இடம் எல்லாம் அங்கேயே மாற்றலாம். பிறகு எக்ஸ்போர்ட். கேடென்லைவிலும் டைனமிக் டெக்ஸ்ட் என்ற பெயரில் இதே வசதி உண்டு.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன் இன் என்று இருக்கிறது. அதைத் திறந்தவுடன் ரெக்கார்டு டைம்கோடு, சோர்ஸ் டைம்கோடு என்று இரண்டு தேர்வுகள் வரும். ரெக்கார்டு என்பது நாம் எடிட் செய்து வைத்திருக்கும் டைம்லைனின் எண். சோர்ஸ் என்பது மூலக் கோப்பின் எண். நடுவில் ஒரு காட்சியை வெட்டி எடுத்துவிட்டால் முதலாவது தொடர்ந்து ஓடும், இரண்டாவது அந்த இடத்தில் தாவும். இசை சேர்ப்பவருக்கோ டப்பிங் செய்பவருக்கோ அனுப்பும் காப்பியில் ரெக்கார்டு டைம்கோடு வேண்டும். மூலத்தில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியவருக்கு சோர்ஸ். இரண்டையும் மேலும் கீழுமாகப் போடுவதும் உண்டு. ரிசால்வில் டைம்லைன் 01:00:00:00-இல் தொடங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டேப் காலத்துப் பழக்கம் அது. வேண்டுமென்றால் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளலாம்.

நிறையக் கோப்புகளுக்கு ஒரே அடியாகப் போட வேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக். கட்டளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதன் டிராடெக்ஸ்ட் ஃபில்டரில் தொடக்க எண்ணும் ரேட்டும் கொடுத்தால் ஃபிரேமை எண்ணி எழுதும். பிடிஎஸ் என்பதைக் கொடுத்தால் நான் முன்பு சொன்ன கோப்பின் நேரக் குறிப்பை எழுதும், கைபேசி வீடியோவுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். இதில் கிடைப்பது தசமப் புள்ளியோடு கூடிய நொடி, எனவே நேராகக் கழித்துக்கொள்ளலாம், கடன் வாங்கும் வேலை இல்லை. முக்காற்புள்ளிக்கு அந்தக் கட்டளையில் வேறு பொருள் இருப்பதால், எண்களுக்கு நடுவே அதை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும். புதியவர்களின் கட்டளை ஓடாமல் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போனில் கிடைக்கும் டைம்ஸ்டாம்ப் செயலிகள் தேதியும் மணியும் எழுதும், பெரும்பாலும் நொடியோடு நின்றுவிடும். வீடு கட்டும் வேலையைப் பதிவு செய்ய அது போதும். காளைக்குப் போதாது.

எப்படித் தெரிய வேண்டும்

எழுத்து ஒவ்வோர் இலக்கமும் ஒரே அகலம் உள்ளதாக இருக்கட்டும். மோனோஸ்பேஸ் என்பார்கள். இல்லாவிட்டால் ஒன்று வரும்போது ஒடுங்கி, எட்டு வரும்போது விரிந்து, எண் வரிசை முழுவதும் ஆடிக்கொண்டே இருக்கும். வெள்ளை எழுத்து, பின்னால் பாதி மங்கலான கறுப்புப் பட்டை. 1080 உயரமுள்ள படத்துக்கு எழுத்து அளவு 48 வைத்தால் டிவியிலும் போனிலும் படிக்க முடியும். இடத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாடு விடும் வீடியோவில் கோடும் காளையின் காலும் கீழே இருப்பதால் எண் மேலே போக வேண்டும். கூத்தில் மேலே கிரீடம் இருக்கிறது, அதனால் கீழ் ஓரம். யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் நிறுத்தும்போது கீழே வரும் பட்டை எண்ணை மறைக்கும், கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

எண்ணைப் படத்தில் எழுதுவது என்றால் வீடியோ முழுவதையும் மறுபடி புதுக் கோப்பாக உருவாக்கியாக வேண்டும், இதை ரெண்டர் என்பார்கள். கொஞ்சம் தெளிவு குறையும், நீளமான கோப்புக்கு மணிக்கணக்கில் ஆகும். கூத்துப் பாட்டை எழுதி எடுக்க 480 அளவில் சின்னக் காப்பி போதும். அதில் மட்டும் டைம்கோடு போட்டு அனுப்புங்கள், மூலம் பத்திரமாக இருக்கட்டும். ரெண்டரே வேண்டாம் என்றால் நொடிக்கு ஒரு வரியாக நேரம் மட்டும் எழுதிய சப்டைட்டில் கோப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம், வேண்டாதபோது அணைத்தும் வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் போனால் அது கூடவே போகாது.

ரெண்டர் முடிந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். கடைசி ஃபிரேமில் தெரியும் எண்ணும் கோப்பின் மொத்த நீளமும் ஒத்துப்போகிறதா? நடுவில் எங்காவது ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் எண்ணும் ஒவ்வொன்றாகக் கூடுகிறதா? விஎல்சியில் இ என்ற ஆங்கில எழுத்து விசை ஒரு ஃபிரேம் நகர்த்தும். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் முன்னால், காற்புள்ளி விசை பின்னால்.

கடைக் கேமராவும் பழைய டேப்பும்

கடைகளில், தெரு முனைகளில் உள்ள சிசிடிவி கேமராக்கள் பதிவாகும்போதே தேதி, நேரத்தை எழுதிவிடுகின்றன. அதன் கடிகாரம் சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. சிலது பல நிமிடம் தள்ளி ஓடும். அப்படி இருந்தால் திரையின் நேரத்தையும் அதே கணத்தில் போனில் தெரியும் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வழக்குக்குப் போகக்கூடிய வீடியோ என்றால் அதன் மேல் நீங்களாக எதையும் எழுதாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்ணும், கேட்கப்படுகிறது. ஒரு ஃபிரேமில் ஓர் எழுத்துச் சேர்ந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். விளக்கிக் காட்டத் தனியாக ஒரு காப்பி எடுத்து அதில் டைம்கோடு போட்டுக்கொள்ளலாம்.

பீரோவில் மினிடிவி (MiniDV) கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1990களின் நடுவில் வந்த அந்தக் கேமராக்கள் டேப்பில் டைம்கோட்டோடு, அந்தந்தப் படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் சேர்த்தே, திரையில் தெரியாதபடி பதிந்து வைத்திருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் வழியாகக் கணினிக்கு மாற்றினால் அந்தத் தகவல் வராது. ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் வயர் வழியாக, டேப்பில் உள்ள டிவி (DV) வடிவக் கோப்பாகவே எடுத்தால் அப்படியே வரும். பிறகு அதைப் படித்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டிய நேரத்தைத் திரையிலேயே எழுதிக் காட்டலாம், கேமராவில் அன்று கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால். டேப்பை மாற்றித் தரும் கடையில் கொடுக்கும்போது ஃபயர்வயரில்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எம்பி4 ஆக மாற்றுவதற்கு முன்னால் உள்ள மூலக் கோப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், பெரிய பென்டிரைவாக எடுத்துப் போங்கள்.